வேண்டுதல் இல்லாத மொட்டை

முதல் மருந்து ஏறிய பதினேழாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பத் தலை வாரினேன். முடி கொத்தாகச் சீப்போடு வந்துவிட்டது. எண்பத்தாறாம் வருடம் அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கோலாலம்பூரில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மொத்தம் ஆறு தடவை. முடி கொட்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தால் மட்டும் மனசு கேட்குமா?

வியாதியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஜனங்களின் வாயைத்தான் தாங்க முடியவில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையில் ஆளுக்கொரு எண்ணெயோடு வந்தார்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சீன மருந்துக்கடைத் தைலம். தேய்ப்பதற்கு முடி எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தைப்பூசம் முடிந்த சமயம் வேறு. பஸ்ஸில் என் முக்காடு விலகியதும் பக்கத்தில் இருந்த பெண் ஆசையாகக் கேட்டாள்.

"என்னாக்கா, பத்துமலை முருகனுக்கு வேண்டுதலா? நெனச்சது நடந்துருச்சா?"

"நடந்துருச்சுலா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வேலையிடம் வரை நடந்தேன்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு பந்திங்கில் நாத்தனார் மகள் கல்யாணம் நிச்சயமானது. மாமியார் மெல்ல வந்து, "இந்தத் தலையோட நீ வராத லெட்சுமி. நான் எதாச்சும் சொல்லிக்கிறேன்" என்றார். அன்றைக்கு உள்ளே என்னவோ விட்டுப்போனது. மூன்றாவது மருந்துக்கு நான் போகவில்லை. என் கணவருக்குப் போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை. போய் வந்ததாக அவரிடம் பொய் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போனேன் என்று சொல்ல மாட்டேன். சண்டைதான் போட்டேன்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறல. மாரையும் எடுத்துட்ட, முடியையும் எடுத்துட்ட. நான் பொழைக்கணும்னா அத ஒழுங்கா வந்து சொல்லு. எண்ணெயக் குடுத்து இன்னொரு ஆள அனுப்பாத!"

திட்டுத்திட்டாக ஒட்டியிருந்த மிச்ச முடியையாவது வழித்துவிடலாம் என்று கோயில் பின்பக்கம் போனேன். அங்கே குழாயடியில் நேர்த்திக்கடன் மொட்டை போடும் முத்தையா உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் அவரோடு பேசியதில்லை. தண்ணீர் தொட்டுத் தலையைத் தடவியவர் கத்தியை எடுக்கவில்லை.

"இது மருந்து ஏத்துன தல. எத்தனாவது ஏத்தியிருக்கு?"

தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

"என் பொஞ்சாதிக்கும் இப்பிடித்தான். நாந்தான் வழிச்சு விட்டேன்."

கேட்கவே பயமாக இருந்தது. "இப்ப எப்பிடி இருக்காங்க?"

"சுங்கை வே பக்கம் பேக்டரி வேலைக்குப் போவுது. வந்து என்னையப் போட்டு ஏசுது. அதுக்கென்ன, முடி தோளுக்குக் கீழ தொங்குது. ஒனக்கு அடுத்த மருந்து எப்ப?"

"போன செவ்வாய். போவல."

"முடிக்காகவா?" கத்தியைத் தட்டில் டங்கென்று போட்டார். "ஏம்மா, ஒனக்கு என்ன பைத்தியமா? முடிய நம்பித்தான் நான் சோறு திங்கிறேன். எனக்குத் தெரியாதா? அது தானா வரும். மொதல்ல மருந்துக்குப் போ!"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை வாரத்தில் முடியை விட்டுவிட்டு மருந்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர். அழ விட்டு, வழித்து முடித்து, சந்தனம் பூசி அனுப்பினார்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். திங்கட்கிழமை லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் அவரே கூட்டிப் போனார். டாக்டர் நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். நடுவில் மொட்டைத் தலையோடு பந்திங் கல்யாணத்துக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மாமியார் முதலில் முறைத்தார். பிறகு அவரே சாப்பாட்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். ஆறு மருந்தும் முடிந்தது.

இன்றைக்குப் பத்து வருடம். முடி சுருட்டையாக வந்து, இப்போது நரையும் வந்தாயிற்று. ஜனங்களின் பேச்சைக் கேட்டால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அம்மன் அதை மாற்றவில்லை. ஆனால் உயிரைக் கொடுத்தாள். அந்த நன்றிக்கு, மருந்து ஏற்றப் பயப்படும் பெண்களோடு துணைக்குப் போகிறேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு வேளை வந்தால், அவளிடம் பேச நல்ல வார்த்தை தேட வேண்டாம். வாய்க்கு வந்தபடி சண்டை போடுங்கள், கேட்பாள். மருந்து நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். முத்தையாவைப் போல அவள் ஆள் அனுப்பும்போது நாம் இருக்க வேண்டாமா?