அண்ணி குறைத்த வெளிச்சம்

என் அண்ணி சாமுண்டீஸ்வரிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பள்ளிக்கரணையில் சதுப்புநிலத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தவள் அவள். மழைக்காலத்தில் சமையல்கட்டுக்குள் தண்ணீர்ப்பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து தோசை ஊற்றுவாள். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மருமகளான பிறகும் அந்தத் திமிர் குறையவில்லை. அப்படிப்பட்டவள் இன்று ஒரு விளக்கைத் தொட மாட்டேன் என்கிறாள். ஏன் என்று சொல்கிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் போகவில்லை.

எல்லாம் என் அண்ணன் தசரதனால் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். மனுஷனுக்குச் சீட்டு கிடையாது, குடி கிடையாது. பிடித்ததெல்லாம் ஒரே பைத்தியம், கடல்மீன் தொட்டி. வளர்ப்புமீன் கடைகள் இருக்கிற கொளத்தூருக்குப் போய் நாலடித் தொட்டி வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். உப்புக் கரைத்த தண்ணீர், கல், அதன்மேல் பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள். நடுவில் ஒரு பெரிய பவளம், விரல் விரலாக, தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை விரல் பவளம் என்போம்.

தொட்டிக்கு மேலே ஒரு எல்இடி விளக்கு தொங்கும். அதில் நீலம் தனி, வெள்ளை தனி. போனில் ஒரு ஆப் உண்டு. விரலால் இழுத்தால் வெள்ளை ஏறும், இறங்கும். கல்யாணச் சமையலில் உப்புப் பார்க்கிறவர்போல அண்ணன் கொஞ்சம் ஏற்றுவார், கொஞ்சம் இறக்குவார், தள்ளி நின்று பார்ப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். அதற்கு நிறமும் அதுதான், சோறும் அதுதான். வெளிச்சம் குறைந்தால் பவளம் பட்டினி. மிஞ்சினால் பாசி ஓடிவிடும், பவளம் வெளுத்துவிடும். அவர் இதை ஆரம்பித்ததும் நான் காபி டம்ளரோடு எழுந்து போய்விடுவேன்.

அண்ணிக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. பொழுது சாய்ந்தால் விளக்கு தானாக வெள்ளையை இறக்கி நீலத்துக்கு மாறும். அந்த நீலத்தில் யார் போய் நின்றாலும் நெற்றிக் குங்குமம் கறுப்பாகத் தெரியும். தாலிக்கயிற்றின் மஞ்சள் மட்டும் பச்சை பூத்து ஒளிரும்.

"வூட்டுக்குள்ள சமுத்திரத்த கொண்டாந்து வெச்சிகினு கீறீங்களே, இது நல்லதுக்கா?" என்று தினமும் கேட்பாள்.

"நீ ஒண்ணு, கண்ண மூடிகினு போவியா" என்பார் அண்ணன்.

போன மார்கழியில் அண்ணனுக்குச் சளி பிடித்தது. கஷாயம், மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. ஒரு காலையில் மூச்சு வாங்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து விழித்தார். குரோம்பேட்டை பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் முழுக்கச் சளி கட்டிக்கொண்டிருக்கிறது என்று நேராக ஐசியூவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாலையில் ஒரே ஒரு ஆள் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த ஒரு ஆள் தான்தான் என்று அண்ணி சொல்லிவிட்டாள். கூடப்பிறந்தவள் நான் இருக்கிறேனே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தேன்.

துணைக்கு நான் அண்ணியோடு வீட்டிலேயே தங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணி தலைக்கு ஊற்றிக்கொண்டு பூஜை அறையில் விளக்கேற்றினாள். குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அண்ணன் நடந்து இந்த வீட்டுக்குள் வரும்வரை விளக்கு மலையேறக் கூடாது. ராப்பகலாக எண்ணெய் ஊற்றவேண்டியது. எங்கள் பக்கத்து வீடுகளில் இது உள்ள வழக்கம்தான். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. அன்று பொழுது சாயும்போது தொட்டி விளக்கு வழக்கம்போல வெள்ளையை இறக்க ஆரம்பித்தது. கூடம் மெல்ல இருண்டது.

"ஐயோ, எறங்கிகினே வருதுடி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

அண்ணனின் போனை எடுத்தாள். அவர் வைத்திருந்த நேரக்கணக்கையெல்லாம் நீக்கினாள். நீலத்தையும் வெள்ளையையும் மேலே போகிறவரை இழுத்துவிட்டாள். கூடம் கல்யாண மண்டபம் மாதிரி பளபளத்தது. நானும் நல்லதுதான் என்று நினைத்தேன். சாவு எட்டிப் பார்க்கிற வீட்டில் வெளிச்சம் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

"அவரு கண்ணுல வெச்சி வளத்த உசுருங்க. இதுங்க ஆடிகினு கீற வரைக்கும் அவரும் இருப்பாரு, சுபத்ரா. இது போச்சுன்னா அவரும் போய்டுவாரு" என்றாள் அண்ணி. சொன்னபோது அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரவு என்பதே இல்லாமல் போனது. பவளம் இரண்டொரு நாள் ஆடியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. அது சுருங்கச் சுருங்க அண்ணிக்கு வெறி ஏறியது. வெளிச்சம் பத்தவில்லை என்று டியூப்லைட்டைப் போட்டாள், மேஜை விளக்கைக் கொண்டுவந்து கண்ணாடி ஓரம் வைத்தாள். ஆஸ்பத்திரியிலும் அதே பதில்தான், ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு மாலை ஐசியூவுக்குள் போனவள் நேரம் முடிவதற்குள் வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா அண்ணி? இன்னா ஆச்சு?"

"லைட்ட கொறைக்கச் சொல்றாருடி."

"யாரு, டாக்டரா?"

"ஒங்க அண்ணன்தான். 'சாமு, லைட்ட கொறை, நா வெளுத்துகினே வரேன்'னாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேசிவிட்டாரே! "ஐசியூல நாள் பூரா லைட்டு எரியுதில்ல, அதான் தூங்க முடியாம சொல்லியிருப்பாரு. நர்ஸாண்ட சொன்னியா?" என்றேன்.

அண்ணி என்னை வெறித்துப் பார்த்தாள். "ஐசியூ லைட்டுன்னா என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்றாரு?"

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தோம். தாம்பரம் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. தொட்டி விளக்கைப் பற்றி அண்ணனிடம் எதுவும் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

கதவைத் திறந்தால் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. தொட்டி முழுக்க வெளுத்திருந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம், இப்படி ஆனது கண்ணில் படவே இல்லை. விரல் பவளத்தின் சதை கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருந்த எலும்பு தெரிந்தது. அண்ணனின் பாடம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கொறைச்சிடு அண்ணி" என்றேன்.

"புருஷன் அங்க அப்பிடிக் கெடக்கும்போது வெளக்க எறக்கச் சொல்றியேடி, பாவி!" என்று என் மேலே பாய்ந்தாள். அணைக்கிறது என்ற சொல்லே அந்த வீட்டில் யார் வாயிலும் வராது. "எறக்கி, அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நா இன்னாடி பண்ணுவேன்? என் கையாலயே..."

"அவருதான சொன்னாரு?"

அண்ணி பூஜை அறையைப் பார்த்துக் கும்பிட்டாள். போனை எடுத்து வெள்ளையின்மேல் விரலை வைத்தாள். மெதுவாக, மெதுவாக, கடைசிவரை இறக்கினாள். பிறகு நீலத்தையும் இறக்கி, பெயருக்கு ஒரு துளி விட்டுவைத்தாள். நான் மற்ற விளக்குகளை நிறுத்தினேன். கூடம் நீலமானது. அண்ணியின் நெற்றியில் குங்குமம் கறுத்தது. தாலிக்கயிறு மட்டும் மார்பில் பச்சையாக எரிந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நெஞ்சில் கொஞ்சம் தேறுதல் தெரிகிறது என்றார்கள். அதிலிருந்து ஏறுமுகம்தான். பொங்கலுக்கு முன்னால் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குள் வந்தார். பாதி உடம்பாகியிருந்தார், ஆனால் வந்துவிட்டார். அண்ணி பூஜை விளக்கை மலையேற்றினாள். தொட்டியை மட்டும் தொடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். விரல் பவளம் பிழைத்துக்கொண்டது. நிறம் கொஞ்சம் பழுப்பாகத் திரும்பி, விரல்கள் மறுபடி ஆடிக்கொண்டிருந்தன. இவர் குரல்தான் இன்னும் கரகரவென்று இருந்தது.

"இன்னாண்ணா, தொண்டை இன்னும் சரியாவலியா?"

"டியூப்பு போட்ட புண்ணும்மா. தொண்டைக்குள்ள வுட்டு, வாய் மேல டேப்பு ஒட்டிட்டானுங்க. உள்ள இருந்த வரைக்கும் ஒரு வார்த்த பேச முடியல. நானே மயக்கத்துலதான் இருந்தேன்னு வெச்சிக்கோ."

மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மூஞ்சியில் ஏதோ மாஸ்க் மாட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். அண்ணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் வாய்ல டியூப்பு இருந்துச்சாமே?"

"இருந்துச்சி" என்றாள், நிமிராமல். "நா பக்கத்துலதான நின்னேன். பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்ப பேசினது?"

"அவரு கொரலுதான். வேற யாரு கொரலு எனக்குத் தெரியாதா?"

கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "சுபத்ரா, இங்க வா. வெள்ளைய கொஞ்சம் ஏத்து, எனக்கு இன்னும் கை ஸ்டெடியா நிக்கல. பட்டினி கெடந்து பழுப்பாகினு வருது. இவளாண்ட சொன்னா காதுலயே போட்டுக்க மாட்றா." அண்ணி கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பாம்பைப் பிடித்து வீசியவள், ஒரு விளக்குக்கு இப்படியா? கையை உதறிக்கொண்டு போய் அண்ணனிடம் போனை வாங்கினேன்.

வெள்ளையை ஒரு துளி ஏற்றினேன். அண்ணனுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல்தான். நோய் தேறி வந்தவருக்கு வராதா? இன்னும் ஒரு துளி ஏற்றினேன். இருமல் நிற்கவில்லை, மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் விரலை இறக்கினேன், பழைய இடம் வரைக்கும். இருமல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தினியாம்மா?"

"ஏத்திட்டேண்ணா" என்றேன்.