ஆள் குறைந்த இரண்டு நிமிடம்

பஸ் டிப்போவில் வெல்டராக இருந்த அவரை எல்லோரும் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிப்போவின் ஐஸ் ஹாக்கி அணிக்கு வெகுகாலம் அவர்தான் கோல்கீப்பர். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை அதே டிப்போவுக்கு எலக்ட்ரீஷியனாக வந்தபோது, கையைப் பிடித்து அணியில் சேர்த்துவிட்டதும் அவரேதான். அடுத்த பருவத்தில் சகலை கோலுக்குள் நின்றார். பூட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத்தான் தாங்க முடியவில்லை. ஐஸ் ஹாக்கியில் விதியை மீறி ஆடியவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். கோல்கீப்பர் போக மிச்சமுள்ள நால்வர் எதிரணியின் ஐவரைச் சமாளிக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில்கூடச் சின்ன மாப்பிள்ளை பத்து அடியில் ஒன்பதைத் தடுக்கிறார் என்று மாமனார் பூரித்துப்போனார். பூட்டுக்கு வயிறு எரிந்தது.

வீடு திரும்பியதும் மனைவியிடம் கொட்டினார். “அந்தக் கணக்கே தப்பு. முன்னால நிக்கிற நாலு பேரும் எல்லாத்தையும் ஓரத்துக்குத் தள்ளிடறாங்க. தூரத்துலேர்ந்து வர்றத தடுக்க ஒரு ஆளா?”

“பொருமிக்கிட்டே இருக்காம நீங்களே அளந்து பாருங்களேன்” என்றாள் அவள்.

அளந்தார். மதிய இடைவேளைகளில் ஓய்வறையில் பழைய ஆட்டங்களின் வீடியோவை ஓட்டி, ஆள் குறைந்த நேரத்து அடிகளை மட்டும் பிரித்தார். தூரத்து அடிகள் ஒரு பக்கம், கிட்டத்து அடிகள் ஒரு பக்கம், பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை ஒருவர் குறுக்கே கடத்த, இன்னொருவர் உடனே அடித்தவை தனி. தேடியது கிடைத்தது. குறுக்கே கடத்தி அடித்தவற்றில் பாதிக்கு மேல் சகலையைத் தாண்டி உள்ளே போயிருந்தன. தன் பழைய ஆட்டங்களையும் அதே மாதிரி பார்த்தார். அங்கே நிலைமை இன்னும் மோசம். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சகலையை இனி பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்ற நம்பிக்கையோடு பயிற்சியாளரிடம் போனார். அவரோ, இது தெரியாமல்தான் இவ்வளவு நாள் திண்டாடினோம் என்று பூட்டின் தோளைத் தட்டினார். குறுக்குப் பாதையை அடைக்க நால்வரில் ஒருவரை நிறுத்தினார். பயிற்சியில் சகலைக்குக் குறுக்கே வரும் வட்டுகளை அடிக்கும் வேலையைப் பூட்டுக்கே கொடுத்தார். பூட்டு தன் எரிச்சலையெல்லாம் மட்டையில் காட்டினார். சகலை நாளுக்கு நாள் தேறினார். பருவம் முடிவதற்குள் ஆள் குறைந்த நேரத்தில் அவரை அசைக்க ஆளில்லை.

அடுத்த விருந்தில் சகலை எல்லோர் முன்னாலும் சொன்னார்: “என் ஓட்டைய கண்டுபிடிச்சு அடைச்சதே அண்ணாதான்.”

மாமனார் முதல் தடவையாகப் பெரிய மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். “அவருக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை.”

“கண்ணு வெச்சதும் நீங்கதான்” என்று மனைவி பூட்டின் காதோரம் முணுமுணுத்தாள்.

அதன்பின் அளக்கும் பொறுப்பு முழுக்க அவரிடமே வந்தது. எதிரணி கோல்கீப்பர்களை ஒரு முறை பார்த்தால் போதும் அவருக்கு. சகலையின் ஆட்டத்தை மட்டும், எங்காவது இடறுகிறாரா என்று, திரும்பத் திரும்பப் பார்ப்பார். இடறினால் மனம் குளிரும். மறுநாள் காலையில் போய் அதைச் சகலையிடம் சொல்லியும்விடுவார்.