கிண்ணியாவில் நான் கொடுத்த உறுதி

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுரிமைக் குழு என்னைப் பேச்சாளனாக்கியதற்கு ஒரே காரணம், மைக் இல்லாமலே என் சத்தம் அடுத்த ஒழுங்கை வரை போகும் என்பதுதான். என்ன பேசுகிறேன் என்று எங்கள் ஆட்கள் கவனிப்பதில்லை. கிண்ணியாவில் கவனித்தார்கள்.

அங்கே கடலோரக் குடும்பங்கள் சிலவற்றைக் காணியை விட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் வந்திருந்தது. அவர்களுக்காக நின்ற பெண்கள் குழு எங்களையும் கூட நிற்கக் கேட்டது. குழுத் தலைவியை எல்லாரும் ராத்தா என்பார்கள், எங்கள் பக்கம் அக்கா என்கிற மாதிரி. அவருடைய வீட்டுக்கும் அறிவித்தல் வந்திருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டின கல்வீடு.

முதல் கூட்டத்திலேயே பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பி முழங்கினேன்: "கவலைப்படாதீங்கோ! உங்கள் ஒவ்வொருவருக்கும் நாங்கள் உறுதி தருகிறோம்!"

எங்கள் பக்கம் காணிப் பத்திரத்துக்கும் உறுதி என்றுதான் பெயர். நான் கொடுத்தது வாக்கு. அவர்கள் வாங்கிக்கொண்டது காணி. கைதட்டல் பலமாக இருந்தது. இவ்வளவு நல்லாகவா பேசினேன் என்று எனக்கே சந்தேகம்தான்.

அடுத்த முறை பஸ்ஸால் இறங்க, ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உறுதி எப்ப வரும்? மகள்ட கலியாணத்துக்கு முந்திக் கிடைச்சா நல்லம்."

பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ராத்தா குசினி வாசலில் கதிரை போட்டு இருத்தினார்.

"தம்பி, நீங்க காணிக் கந்தோரா?"

"இல்லை ராத்தா. நான் அரசாங்க ஆள் இல்லை."

"கூட்டத்துக்கு ஒருத்தரும் வாறாங்க இல்ல. உறுதிதான் வரப்போகுதே, இனி என்னத்துக்குக் கூட்டம் என்டு கேக்காங்க. நாளைக்கு என்ட வீட்ட உடைக்க வந்தாலும் இப்படித்தான் வீட்டுக்குள்ள இருப்பாங்க."

அவர் முன்னே நடக்க, நான் பின்னே வாசல் வாசலாகப் போனேன். "உறுதி இல்லை, நான் சொன்னது வேற உறுதி" என்று விளங்கப்படுத்தப் படுத்தச் சனத்துக்குக் குழப்பம் கூடியது. ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான் மரியாதை. கடைசியில் ராத்தாவே கதையை எடுத்தார்.

"இவர்ட கையில ஒண்டும் இல்ல. ஆனா உடைக்க வாற அண்டைக்கு வந்து நம்மளோட குந்துவார். நீங்க வருவீங்களா?"

இதைச் சொல்ல எனக்கு ஏன் வரவில்லை என்று எங்கள் குழுவில் இப்பவும் கேட்கிறார்கள்.

அறிவித்தலில் சொன்ன நாளில் நாங்கள் விடிய முதல் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் கடந்தோம். ராத்தாவின் முற்றம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கலியாண வீட்டுப் பெரியவரும் இருந்தார். என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் இடம் விட்டார். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், தங்களுக்குள் கதைத்தார்கள், வாகனத்தைத் திருப்பினார்கள்.

நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினேன்.

"எங்க போறீங்க?" என்றார் ராத்தா. "பகல் சாப்பாட்டுக்குத்தான் போறாங்க. குந்துங்க தம்பி."

குந்தினேன்.