தர்மேந்திரன் வாசிக்காமல் பேசிய புத்தகம்

என் சின்னம்மாவின் கடைசி மகன் தர்மேந்திரன். லண்டனில் ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. கல்யாணவீடோ செத்தவீடோ, மைக்கை அவன் கையில்தான் கொடுப்பார்கள். அப்படி ஒரு குரல். அந்தக் குரல்தான் அவனைக் கெடுத்தது.

அவன் மனைவி கலாவதிக்கு ஒரேயொரு தம்பி, பவித்திரன். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். கலாவதிதான் தூக்கி வளர்த்தாள். வெம்பிளியில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக எழுதி, செங்கல் மாதிரி ஒரு நாவலைக் கொண்டுவந்தான் பவித்திரன். வெளியீட்டு விழாவில் அத்தான்தான் அதைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஆசையாகக் கேட்டான்.

தர்மேந்திரன் புத்தகத்தைத் திறந்தான். மழை பெய்தது. பக்கம் பக்கமாக மழைதான். ஆட்களுக்குப் பெயர் இல்லை, யார் பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த உடம்பு. தொடங்கின தடவையெல்லாம் அந்த மழையிலேயே படுத்துவிட்டான்.

விழா நாளும் வந்தது. தாயைப் பற்றிச் சொன்னால் எந்த மண்டபத்திலும் கைதட்டு விழும் என்று அவனுக்குத் தெரியும். "இந்தப் புத்தகத்தில ஒரு தாய் வாறா. பிள்ளையின்ர கண்ணீரைச் சேலைத் தலைப்பால துடைக்கிறா. அவ எங்கள் எல்லாருக்கும் தாய்!" என்று முழங்கினான். சனம் தட்டியது, ஒன்றிரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். பவித்திரன் குனிந்தபடி இருந்தான். கூச்சப்படுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

திரும்பி வரும்போது காரில் கலாவதி கேட்டாள்.

"நீங்கள் எந்தப் பக்கத்தில அந்தத் தாயைக் கண்டனீங்கள்?"

"ஏன்?"

"அதில தாயே இல்லை. தாயின்ர முகம் தெரியாதவன் கடைசி மட்டும் தேடுறான். அதுதான் கதை."

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் தேடி எடுத்து வேலைப் பைக்குள் வைத்தான்.

அதற்குப் பிறகு மச்சானின் போனையே எடுக்காமல் விட்டான். புத்தகத்தை வேலைக்குக் கொண்டுபோய் இடைவேளையில் வாசித்தான். ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பான், எரிச்சலில் மூடுவான், பிறகும் எடுப்பான்.

"இந்த மழை எப்பத்தானப்பா விடும்?" என்று ஒருநாள் கத்தினான்.

"நீங்கள் முதல் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப ஓடினா அது பெய்துகொண்டுதான் இருக்கும்" என்றாள் கலாவதி, அடுப்படியில் இருந்தபடியே.

எப்படியோ மழையைக் கடந்தான். படகு ஒன்று வந்தது. தாயைத் தேடுகிறவன் அதில் ஏறினான், பிறகு இறங்குவதாயில்லை. முடித்துவிட்டுத்தான் பவித்திரனின் முகத்தில் முழிப்பது என்று இருந்தவனால் அதற்குமேல் பொறுக்க ஏலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெம்பிளிக்குப் போனான்.

"வாங்கோ அத்தான். வந்து கனகாலம்."

"நான் அண்டைக்கு வாசிக்காமல்தான் பேசினனான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் என்னை ஏசேல்லை?"

பவித்திரன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தான். "நீங்கள் சொல்லச் சொல்ல, அப்பிடி ஒரு ஆள் இருந்திருக்கலாம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்திட்டன்."

தர்மேந்திரனுக்குக் காது இரண்டும் சுட்டது.

"இப்ப முடிச்சிட்டியளோ?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"இல்லையடா. படகிலதான் நிக்கிறன். பாதியும் விளங்கேல்லை."

"படகோ!" பவித்திரன் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அக்காவை விட்டா அவ்வளவு தூரம் வந்தது நீங்கள் ஒருவர்தான் அத்தான். எது விளங்கேல்லை, சொல்லுங்கோ!"

மண்டபம் நிறையத் தட்டிய கைகளெல்லாம் தர்மேந்திரனின் ஞாபகத்துக்கு வந்தன. மச்சான் அப்படிச் சந்தோஷப்படுவதைப் பார்க்க ஏலாமல், தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அவன் ஏன் இறங்கிறானில்லை?"