அட்டையில் இல்லாத வரி

அண்ணனின் படத்துக்குக் கண்ணாடி போட்டபோது அதன் ஓரத்தில் அந்த அட்டையையும் யாரோ சொருகிவிட்டார்கள். உள்ளங்கை அகல அட்டை. சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் ஒரு வசனம், அடியில் பொடி எழுத்தில் அது பைபிளில் எந்த அதிகாரத்தில் வருகிறது என்ற குறிப்பு. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் இப்படிப்பட்ட அட்டைகளைத் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்து நீட்டுவார். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் நமக்கு அந்த வருஷத்தின் வாக்குத்தத்தம். அதைப் பீரோவில் ஒட்டியபின் பைபிளைத் திறக்கும் வேலை பலருக்கு இருப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் பிறப்பிலேயே கிறிஸ்தவர்கள். ஆனாலும் அண்ணனின் கலியாணம் வரைக்கும் எங்கள் பைபிள் பாலிதீன் உறைக்குள்ளேயே கிடந்தது. தூசி துடைக்க மட்டும் எடுப்போம். அதைத் திறந்து படித்தவர் அண்ணி. அவர் தீர்த்தமலைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். "கும்பிடச் சொல்றீங்க. யாரு, என்னான்னு தெரிய வேணாங்களா?" என்று கேட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். முடித்ததும் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு நிறுத்தவே இல்லை.

நானும் அவரும் பாலக்கோட்டு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தோம். லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அண்ணி ஒரு காலிக் கிரேட் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பைபிளில் தக்காளிச் சாறு படியாமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படிப்பார். லோடு ஏற்றுகிறவர்கள், "என்னக்கா, கலெக்டர் பரீட்சையா?" என்று சீண்டுவார்கள். "பரீட்சைக்குன்னா ஒருவாட்டி படிச்சா போதும் தம்பி. இது ஒவ்வொருவாட்டியும் வேற வேற கேள்வியில்ல கேக்குது" என்பார் அண்ணி, தலையை நிமிர்த்தாமல்.

நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் நடுவே பேச வாய் வராது. அண்ணியிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன், "இதெல்லாம் நெசந்தானா அண்ணி?" என்று.

"பொய் எழுதறவன் தன் ராஜா பண்ண அசிங்கத்த மறைப்பான் பாப்பா. இதுல பெரிய ராஜா அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துக்கினு, அவனச் சண்டைல சாவக் குடுத்ததையும் போட்டிருக்குது. மறைக்கத் தெரியாத புஸ்தகம். இத நம்பாம எத நம்பறது?"

அதற்குப்பிறகு நானும் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வசனம் பிடித்துப்போய் அவரிடம் சொன்னால், "மேலயும் கீழயும் படிச்சியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யார் யாரிடம், எதற்காகச் சொன்னது என்று தெரியாமல் ஒற்றை வரியைப் பிய்த்து எடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. விரலை எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். அதற்குள் புத்தாண்டு வந்தது. அண்ணன் எடுத்த அட்டையில், வியாதியில் கிடந்த ஒரு ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கடவுள் சொன்ன வார்த்தை இருந்தது. ராஜா என்பது அட்டையில் இல்லை, வார்த்தை மட்டும்தான். அண்ணன் அங்கேயே அழுதுவிட்டார். போதகர் அதை வாங்கி மைக்கில் படித்து, "ஆண்டவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். இனிமே கத்தி எதுக்கு?" என்றார். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது.

அடுத்த நாள் போதகர் ஜெபம்பண்ண வீட்டுக்கு வந்தபோது அண்ணி பைபிளைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். "ஐயா, இதுக்குக் கீழயும் படிக்கட்டுங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் படித்தார். அதே அதிகாரத்தின் கடைசியில், அந்த ராஜாவின் பிளவைமேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்லியிருக்கிறது. அப்போது அவன் பிழைப்பான் என்றும் இருக்கிறது. பிளவை என்பது எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சர்க்கரைப் புண்ணுக்கும் சொல்லும் வார்த்தை. "ஆயுசு குடுத்த ஆண்டவரே மருந்தும் போடச் சொல்லியிருக்காருங்க. நாம ஏன் வேணாங்கறோம்?"

போதகர் சிரித்தார். "எத்தனையோ வருஷமா ஊழியம் பண்றேன். எனக்கே வசனம் சொல்லித்தர்றியாம்மா?"

அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போனது. "அவரு படிச்சிட்டு வந்தவரு. நீ நேத்து வந்தவ. வாய மூடு" என்றார். மகளையே கலியாணம் பண்ணிக் கொடுக்கும் வயதில் இருந்தார் அண்ணி. அப்போதும் நேற்று வந்தவள்தான். ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாளில் அண்ணன் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணி ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். கெஞ்சினார். ஆட்டோ வெறுமனே திரும்பிப்போனது.

புண் விரலிலிருந்து காலுக்கு ஏறியது. காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் அண்ணியால் அவரைத் தருமபுரிக்குக் கொண்டுபோக முடிந்தது. தாமதமாகிவிட்டது என்றார்கள்.

அடக்கத்தின்போது போதகர் குழியோரம் நின்று, அவிசுவாசம் இருக்கிற வீட்டில் அற்புதம் தங்காது என்று பேசினார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே பைபிளை முழுதாகப் படித்தவர், அதில் ஒரு வரியைக்கூடப் பொய் என்று நினைக்காதவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் அவிசுவாசி என்று பெயர் வந்தது. இன்றைக்கும் போகவில்லை. போதகர் இப்போது பெரிய கட்டடம் எழுப்பியிருக்கிறார். தாம்பாளமும் பெரிதாகிவிட்டது.

போன மாதம் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

"இன்னுமா அண்ணி? இத வெச்சித்தான அண்ணனச் சாவடிச்சாங்க."

"இத வெச்சி இல்ல பாப்பா. இத மூடி வெச்சி."

"அப்ப அந்தப் பாழாப்போன அட்டையயாவது பிச்சிப் போடுங்க."

அவர் எழுந்து போய்ப் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். "அதுல இருக்கறது பொய் இல்லயே. பாதிதான் இருக்குது" என்றார். பிறகு படத்தில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "மீதிய நான் படிச்சேன். வூட்டுல யாரும் கேக்கல."

கண்ணாடி துடைத்ததும் அட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ரோஜாப்பூ வெளுத்துவிட்டது. அடியில் இருக்கும் பொடி எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. மீதியை எந்தப் பக்கத்தில் படிக்க வேண்டும் என்று அந்த அட்டையிலேயே போட்டிருந்தது.