கணக்கு டீச்சர் வரைந்த தளம்

தளம் வரையத் தொடங்கும்போது கணக்கு டீச்சர் இடது கட்டைவிரலைக் கரும்பலகையில் ஊன்றிக்கொள்வார். அந்த விரல்தான் அவருக்குப் புள்ளி. அங்கிருந்து வலது கை சாய்வாக ஓடி ஓர் இணைகரத்தை முடிக்கும். பிறகு மேலிருந்து ஒரு கோடு இறங்கி அந்தத் தளத்தைத் துளைக்கும். தளத்துக்கு அடியில் மறையும் பகுதியை மட்டும் இடைவெளி விட்டுவிட்டுப் போட்டு, விளிம்பைத் தாண்டியதும் மறுபடி முழுக்கோடாக்குவார். தட்டைப் பலகைக்கு அப்போது ஆழம் வந்துவிடும்.

விராலிமலைப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் இயற்பியல் ஆசிரியர். அவர் பிளஸ் டூவுக்குக் கணக்கு. ஒரு நோயால் அவர் பார்வை வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால், "பலகையே தெரியாதவங்க படத்தை எப்படிப் போட்டு நடத்துவாங்க?" என்று பெற்றோர் சிலர் புகார் கொடுத்துவிட்டார்கள். வகுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவரோடு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

படம் பிசகில்லாமல் வந்தது. பெயரிடும்போதுதான் தவறியது. ஏற்கெனவே எழுதிய P-யின் மேலேயே B போய் விழுந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"டீச்சர், P மேலயே B எழுதிட்டீங்க" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். "அப்ப நீயே வந்து மாத்தி எழுது. ஆனா B எங்கிட்டு வரும்னு எனக்குச் சொல்லிட்டு எழுது."

"கோடு வெளிய வர்ற முனையில, தளத்துக்கு அங்கிட்டு."

"அங்கிட்டுன்னா? மேலயா, கீழயா?"

"கீழ, டீச்சர்."

"P?"

"கோடு தளத்தைத் தொடுற எடம். அது கோட்டுலயும் இருக்கு, தளத்துலயும் இருக்கு."

வகுப்பு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "அந்த விட்டுவிட்டுப் போட்ட கோடு எதுக்கு?" என்று தானே கேட்டார். பல குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்லின. போகும்போது தலைமையாசிரியரிடம், "இவங்களே நடத்தட்டும்ங்க. பேர் எழுதத்தான் பிள்ளைக இருக்கே" என்றார்.

அன்று ஆசிரியர் அறையில் டீச்சர் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "பயந்துட்டீங்களா?" என்றேன். "நடுங்கிப் போயிட்டேன் சார். படத்துக்குக் கை போதும். எழுத்துக்குத்தான் கண்ணு வேணும். இத்தனை நாளா அதையும் நானே செய்யணும்னு இருந்திருக்கேன் பாருங்க" என்று சிரித்தார். தோற்ற இடத்திலேயே பாடம் நடத்தத் தெரிந்த அந்தத் துணிவை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

இப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிகின்றன. மாற்றலாகி மணமேல்குடிக்கு வந்துவிட்ட நான், போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். படத்தை முடித்துவிட்டு டீச்சர் ஒதுங்கி நிற்க, பலகையருகே பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றார் அவர். "மொதல்ல சொல்லு, அப்பறம் எழுது."