கைக்குட்டையில் கட்டிய கத்திரி விதை

ஒன்பது வயதில் எனக்குப் பொறுமை என்ற ஒன்று கிடையவே கிடையாது. சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். முட்டியில் அடிபட்டால் புண் ஆறுவதற்குள் பொருக்கைப் பிய்த்துவிடுவேன். "காலில் சக்கரமாடி கட்டியிருக்கு உனக்கு?" என்று அம்மா தினமும் ஒரு தடவையாவது கேட்பாள். அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. இதைச் சொன்னதும் அம்மாதான், பெருமையாகச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட என் கண்ணெதிரில்தான் அந்த ஆடி மாதம் அவள் வீட்டுக்குள் கத்திரி விதை போட்டாள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே நாற்றுக்குக் கொல்லையில் பாத்தி கட்டுவார்களே தவிர, ஜன்னல் மேடையில் பேப்பர் கப் அடுக்கி யாரும் வளர்த்ததில்லை. அம்மா அடுத்த தெரு விசேஷத்தில் மிஞ்சிய டீ கப்புகள் பதினொன்றைக் கொண்டுவந்தாள். அடியில் ஊக்கால் ஓட்டை போட்டாள். வாய்க்கால் வண்டலும் மக்கிய எருவும் மணலும் சலித்துக் கலந்து நிரப்பினாள். பிறகு பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து ஒரு காலண்டர் தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சாம்பலோடு இருபத்தோரு விதைகள். கப்புக்கு இரண்டாகப் போட்டு, கடைசிக் கப்பில் ஒன்றே ஒன்றைப் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொல்லையில போட்டா ஆகாதா?"

"கோழி சீய்ச்சா போச்சு. மழை அடிச்சா போச்சு. இருக்கிறதே இவ்வளவுதான்" என்றாள் அம்மா.

அப்பா மறுநாளே கடையிலிருந்து படம் போட்ட விதைப் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து, "கத்திரி கத்திரிதானே" என்று நீட்டினார். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். அதோடு சரி.

அது எந்தக் கத்திரி என்று சொல்ல வேண்டும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இருக்கிறது அம்மா பிறந்த வீடு. அங்கே என் மாமா கொல்லையில் காய்க்கும் கத்திரி அது. உருண்டையாக, ஊதாவில் வெள்ளை வரி ஓடி, காம்பெல்லாம் முள்ளாக இருக்கும். ஆடி பிறந்தால் மாமாவே விதையோடு வந்து இறங்குவார். அந்த வழக்கம் என்னால்தான் நின்றுபோனது. என் காதால் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். எனக்கு ஐந்து வயதில் காதுகுத்து வைத்தார்கள். மாமா ஏறிவந்த வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. செல்போனில் கூப்பிட்டபோதெல்லாம் "இதோ வந்துட்டோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பாவுக்குத்தான் பொறுக்காதே! நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று துடித்து, மாமா முறையுள்ள தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மடியில் என்னை உட்கார வைத்துவிட்டார். ஆசாரி குத்தினார். நான் வீறிட்ட சத்தம் காதில் விழ விழத்தான் மாமா சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

தட்டுகளை வாசலிலேயே இறக்கி வைத்தாராம். "எனக்காகக் கால் மணி நேரம் காத்திருக்க முடியலல்ல? இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். பின்னாலேயே ஓடிய அம்மா, "நீ மிதிக்கலைன்னா நானும் உன் வாசலை மிதிக்க மாட்டேன் போ" என்று கத்தினாளாம். சொன்ன சொல்லை இருவரும் நான்கு வருஷம் காப்பாற்றினார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா, ரோஷத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அம்மாவே ஒரு காயைப் பழுக்க விட்டு விதை எடுத்துவைத்தாள். போன ஐப்பசி மழையில் கொல்லையில் முட்டியளவு தண்ணீர் நின்று, செடி அத்தனையும் அழுகிப் போயிற்று. மிஞ்சியது அதற்கு முந்தைய வருஷத்துப் பொட்டலம் ஒன்றுதான். அது முளைத்தால் உண்டு. முளைக்காவிட்டால் அந்தக் கத்திரி எங்கள் வீட்டுக்கு இனி இல்லை. மாமாவிடம் கேட்க வாயில்லை, கடையில் கிடைக்காது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

விதை போட்ட மறுநாள் காலையிலேயே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றாமல் பார்த்தேன். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு கப்பைக் கிளறி, விதை போட்டபடியே கிடப்பதைப் பார்த்துவிட்டு மூடினேன். அம்மா கண்டுகொண்டு என் கையில் ஒன்று வைத்தாள். "பத்து நாள் ஆகும்டி. தொட்டுத் தொட்டுப் பார்த்தா அது எப்படி முளைக்கும்?" பத்து நாளா! எனக்குத் தலை சுற்றியது.

அந்த வாரம்தான் அப்பா சம்பாவுக்கு விதைநெல் ஊறப்போட்டார். சாக்கோடு ஒரு நாள் தண்ணீரில் கிடந்த நெல்லைத் தூக்கிவந்து, கூடத்து மூலையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வைத்து, மேலேயும் வைக்கோலும் ஈரச்சாக்கும் போட்டு மூடி, அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். இது வருஷா வருஷம் நடப்பதுதான். மறுநாள் சாயங்காலம் மூட்டத்துக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் நெல்லெல்லாம் வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே நாளில்!

அடடா, இவ்வளவுதானா விஷயம் என்று தோன்றிவிட்டது. அம்மாவின் விதைக்கு வேண்டியது சூடு. அதை ஜன்னலில் காற்றாட வைத்துவிட்டுப் பத்து நாள் என்றால்? நெல் விளைகிற ஊரில் பிறந்த எனக்கு விதை என்றால் நெல்தான். நெல்லுக்குச் செய்வதை மற்றதற்கும் செய்தால் வராதா என்ன? அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துப் பதினொரு கப்பையும் கிளறினேன். கடுகைத் தட்டையாக்கினாற்போல் இருக்கும் அந்த விதைகளை மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண்ணி, இருபத்தொன்றையும் என் பள்ளிக்கூடக் கைக்குட்டையில் கட்டினேன். காலையில் சுலபமாக அவிழ்க்க வேண்டுமே என்று ஷூ கயிற்றுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். அதைச் சாக்குக்குள் நெல்லோடு நெல்லாகத் திணித்தேன். கப்பில் மண்ணைத் தட்டிச் சமமாக்கி, தண்ணீரும் தெளித்துவைத்தேன். காலையில் முளைத்த விதையாக எடுத்து நட்டுவிட்டால் அம்மா மூக்கின்மேல் விரலை வைப்பாள்.

காலையில் எழுந்து ஓடினேன். கூடத்தில் வைக்கோல் மட்டும் சிதறிக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று அப்பா விடிவதற்குள் சாக்கைப் பைக்கில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பல்கூடத் துலக்காமல் வரப்பு வரப்பாக ஓடினேன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். நாற்றங்கால் சேற்றை மெழுகிய தரைபோலச் சமப்படுத்தி, மேலே கொஞ்சமாகத் தண்ணீர் நிறுத்தி, அப்பா கூடையில் அள்ளி அள்ளி விதைத்துக்கொண்டிருந்தார். வரப்பில் சாக்கு காலியாகக் கிடந்தது. அதன்மேல் என் கைக்குட்டை விரிந்து கிடந்தது.

"உன் கைக்குட்டை சாக்குக்குள்ள என்னடி பண்ணுது?" என்றார் அப்பா.

"உள்ள ஏதாவது இருந்துச்சாப்பா?"

"நெல்லுதான் இருந்துச்சு. வேற என்ன இருக்கும்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்கு எட்டியவரை சேறும் நெல்லும்தான். ஏதோ ஒரு நம்பிக்கையில் இறங்கித் தேடப்போனேன். இரண்டு அடிகூட வைத்திருக்க மாட்டேன். "ஏய், மிதிக்காத! வெதச்ச நாத்தங்கால்ல எறங்குறா பாரு!" என்று அப்பா போட்ட சத்தத்தில் அடுத்த வயல்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா காலையில் எழுந்ததும் முதலில் ஜன்னலுக்குத்தான் போவாள். விரலால் தண்ணீர் தொட்டுத் தெளிப்பாள். வெயில் நகர நகரக் கப்புகளைத் திருப்பி வைப்பாள். நான் சாப்பிடும்போது பார்ப்பேன், படிக்கும்போது பார்ப்பேன். எட்டாம் நாள், "எங்க வீட்டுக் கத்திரி மெதுவாத்தான் வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்தாம் நாள் அதையும் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லாத மண்ணுக்குத் தண்ணீர் விடுகிறாளே! சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போவேன், அடி ஞாபகம் வரும், திரும்பிவிடுவேன்.

பதினான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு கப்பைக் கவிழ்த்து, மண்ணை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதில் இல்லை என்றதும் இன்னொன்றைக் கவிழ்த்தாள். பிறகு இன்னொன்று.

"மக்கியே போச்சு போல. ஒன்னுகூடக் கண்ணுல படல" என்றாள். "வச்சு வச்சு சாகடிச்சுட்டேன்."

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"சாகலம்மா. நான்தான் எடுத்தேன்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை.

"எல்லாத்தையுமா?"

"இருபத்தொன்னும்."

"நெல்லு மூட்டத்துக்குள்ள?" என்று கேட்டவள் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மண்ணையெல்லாம் கூட்டி அள்ளினாள். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம். தொலைச்சவதான் போய்க் கேக்கணும்" என்றாள்.

சாயங்காலம் அப்பாவிடம் விதை கேட்கப் போவதைச் சொன்னாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "அங்கயா?" என்றார். "அங்கதான்" என்றாள் அம்மா. மறுநாள் அப்பாவே பைக்கில் எங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். பஸ் புறப்பட்ட பிறகு கூடவே நான்கு எட்டு நடந்து வந்து, "நான் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

தஞ்சாவூரில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தோம். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம் புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள். என்னைப் போய் அமைதியில்லாதவள் என்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். மாமா வீட்டு வாசலுக்கு எதிரே, ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரல. நீ போய்க் கேளு."

மாமா வாசலில் உட்கார்ந்து மருந்தடிக்கும் மெஷினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"மாமா, கத்திரி விதை வேணும். எங்க அம்மா வச்சிருந்ததை நான் தொலைச்சுட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டே இழுத்து, முடியை ஒதுக்கி, காதை மடக்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"காது நல்லா ஆறிடுச்சா?"

நான்கு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? "அது எப்பவோ ஆறிடுச்சு மாமா" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ரோட்டுக்குப் போனார்.

"வெயில்ல என்னத்துக்கு நிக்கிற?"

"நீ கூப்பிடலையே."

"இப்பக் கூப்பிடுறேன்ல, வா."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாமாவின் மனைவி, என் அத்தை, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். குழம்பு வைத்தார்கள், அப்பளம் பொரித்தார்கள், யார் யாருக்கோ கல்யாணம் ஆன கதையைப் பேசினார்கள். அம்மா மறக்காமல், "அவங்க கேட்டாங்க" என்றாள். மாமா தலையை ஆட்டி, "எப்படி இருக்காரு மாப்பிள்ளை?" என்றார். வந்த காரியத்தை ஒருவரும் பேசவில்லை. "விதை", "மாமா விதை", "அம்மா, பஸ் போயிடும், விதை" என்று நான்தான் மூன்று தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கடைசியில் அத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். முக்கால் பாட்டிலுக்கு விதை! எனக்கு வாய் பிளந்துகொண்டது. அம்மா ஒரு காகிதத்தில் இரண்டு விரலால் கிள்ளி ஒரே ஒரு சிட்டிகை வைத்து மடித்தாள்.

"பாட்டிலோட எடுத்துட்டுப் போயேன்" என்றார் மாமா.

"போதும்ணே. அடுத்த ஆடிக்கு வந்து வாங்கிக்கிறேன்."

சாப்பாட்டில் ஒரு கரண்டி குழம்புக்கு மூன்று தடவை வற்புறுத்திய மாமா, இதற்கு மட்டும் மறுபேச்சே பேசவில்லை. பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, "பத்திரமா உள்ள வை" என்று அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். "அது பத்து வருஷத்துக்குக் காணும்மா! அவரே எடுத்துக்கங்கறாரு, நீ வேணாங்கற. அடுத்த வருஷமும் இதே மாதிரி ரெண்டு பஸ் மாறி வரணுமே, அதை யோசிச்சியா?"

"வரணும்தான்" என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொடுக்க மனமில்லாத மாமா, கேட்டு வாங்கத் தெரியாத அம்மா. இப்படிக் கூறில்லாத இரண்டு பேரை நான் பார்த்ததே இல்லை என்று வந்த ஆத்திரத்தில், தஞ்சாவூர் வந்து இறங்கும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.